முதுகெலும்பும் முன்னோரும்

நிலமும் மனையும் முன்னோரிடமிருந்து வழிவழி வருதலை யாவரும் அறிவர். அவற்றிற்குப் பத்திரம் உண்டு. நோயும் அவ்வாறு வருதல் உண்டு. அதற்கோ பத்திரம் இல்லை. முதியோர் நினைவே அதற்கு ஏடு. அவ்வேட்டைத் திறவாது வைத்தலால் விளையும் கேட்டினைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

மோகனூரில் காவிரிக்கு அணித்தே உளது எம் அப்புச்சியின் இல்லம். பின்னின்று எவரேனும் அழைப்பின் அவர் கழுத்தைத் திருப்பார்; உடல் முழுதையும் திருப்பியே நோக்குவார். கரும்புக்கட்டுச் சுமந்ததால் வந்த கூன் என்பர் ஊரார். எம் அம்மானுக்கு அவ்வப்போது ஒரு கண் சிவந்து, வெளிச்சம் காணவொண்ணாது நோவும். வெல்லம் காய்ச்சும் புகையே காரணம் என்பர். எம் தமையனார்க்கோ இருபத்திரண்டாம் வயதில் இடுப்பில் நோவு தோன்றிற்று. பின்னிரவில் அது உறக்கத்தைக் கலைக்கும், விடியலில் முதுகு மரம்போல் விறைத்திருக்கும், படுத்திருப்பின் மிகும், ஆற்றுமணலில் நடப்பின் தணியும். குனிந்து படித்ததன் பயன் என்றனர். ஒரு வீட்டில் மூன்று நோய், மூன்று காரணம்!

ஈராண்டு கழித்து மூட்டுநோய் வல்லுநர் ஒருவரை அடைந்தோம். வீட்டுப் பெரியோரில் எவர்க்கேனும் முதுகு இறுகியதுண்டோ, கண் சிவந்து நொந்ததுண்டோ, செதிற்படையோ குடல் அழற்சியோ உண்டோ என அவர் வினவினார். உடன் வந்த அம்மாயி, "அப்படி ஒன்றும் இல்லீங்க" என்றார். எம் தங்கைக்கு வரன் தேடுங் காலம் அது. சிறிது பொறுத்து எம் அன்னையார், "எங்க அய்யனுக்குக் கழுத்தே திரும்பாதுங்க" என்றார். மூன்று நோயும் ஒரு கொடியிற் காய்த்தவை என்பது அன்றே விளங்கிற்று.

எச்.எல்.ஏ. பி-27 என்னும் மரபுக்குறி இம்முதுகெலும்பு அழற்சியோடு தொடர்புடையதென்பதை 1973-இல் இலண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஆராய்ந்த இரு குழுவினர் வெளியிட்டனர். ஐரோப்பிய நோயாளருள் 100-க்கு ஏறக்குறைய 90 பேர் அக்குறி உடையார். ஆயினும், குறியுடையார் 100 பேரில் நோய்ப்படுவோர் 5 பேர் அளவினரே. நெருங்கிய உறவினர்க்கு நோய் இருப்பின் இடர் மிகும். அப்போதும் பெரும்பாலார் நலமாகவே வாழ்வர். ஆதலின் குடும்ப வரலாறு தீர்ப்பன்று, துப்பே ஆகும்.

அத்துப்பு தொடக்கத்திலேதான் பெரிதும் பயன்படும். நோயின் முதலாண்டுகளில் எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தோன்றாதிருத்தல் கூடும். இது கருதியே 2009-இல் பன்னாட்டு வல்லுநர் வகுத்த நெறி, 45 வயதிற்குள் தொடங்கி 3 திங்களுக்குக் குறையாது நீடித்த முதுகுநோவு உடையாரிடத்து, பெற்றோர், உடன்பிறந்தார் நோயோடு பாட்டன், அம்மான் நோயையும் ஓர் அடையாளமாகக் கொள்கின்றது. கூனை எட்டுக் குறைகளுள் ஒன்றாக எண்ணுகின்றது புறநானூறு. நோயால் வருங் கூனோ நெடுங்கதையின் முடிவு. தொடக்கமோ இளமையில், கண்ணுக்குப் புலனாகாமல் நிகழ்வது. அந்நிலையில் அறியின் மருந்தாலும் உடற்பயிற்சியாலும் பெரிதும் காக்கலாம். தமையனார் இன்று நிமிர்ந்தே நடக்கின்றார்.

அவரிடம் உள்ள குறி எமக்கும் இருத்தல் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. எமக்கு வயது பத்தொன்பது. அச்சம் இல்லை என்னோம். ஆயினும் அறிந்து அஞ்சுதல் அறியாது வளைதலினும் நன்று. மணம் பேச வருவோரிடம் உண்மையை உரைத்தல் வேண்டும் என்கின்றாள் தங்கை. அம்மாயி இன்னும் உடன்பட்டிலர். அவர் அஞ்சுவது நோயை அன்று, ஊரார் நாவை.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லஞ் செல்லுங்கால் பாட்டன் பாட்டியர் அருகமர்ந்து, அவர்தம் முதுகின் வரலாற்றையும் கேண்மின். அவர் நினைவு உள்ளபோதே கேண்மின்.