அத்திரிபாச்சாவுக்கு அடி வாங்கியவள்

புளி தட்டும் மாதங்களில்தான் எங்கள் வீட்டுக்கு மடையர்கள் வந்து சேர்வார்கள். மரம் உலுக்கி மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். ஓடு உடைத்து, நார் உரித்து, கருங்கல்லின் மேல் வைத்துச் சின்ன இரும்பால் ஒரு தட்டு. கொட்டை தெறித்து விழும். கைக்கு ஓய்வில்லாத, வாய்க்கு வேலையில்லாத வேலை அது. தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். நடுவில் உட்கார்ந்து என் பாட்டி, எங்கள் அவ்வா, கதை எடுப்பாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடம், உருது என்று வளர்ந்தவர்கள் எங்கள் ஊர் குந்தாரப்பள்ளிப் பிள்ளைகள். ஒரு மொழியில் தொடங்கிய கதை அதே மொழியில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்குக் கிடையாது.

எனக்குப் பிடித்தது கொழுக்கட்டை மாப்பிள்ளை. தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதைதான். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவனுக்கு ருசி தாங்கவில்லை. பெயர் மறந்துவிடக் கூடாதே என்று ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு வாய்க்கால். ‘அத்திரிபாச்சா’ என்று தாவுகிறான். அக்கரையில் அவன் வாயில் மிஞ்சியது அத்திரிபாச்சா மட்டும். அவ்வா சொல்லும்போது அந்த வாய்க்கால் எங்கள் மார்க்கண்டேய நதியாகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கி அவள் தாண்டிக் காட்ட, மடியிலிருந்த கொட்டைகள் நாலாபக்கமும் சிதறும். நாங்கள் உருண்டு உருண்டு சிரிப்போம்.

வீட்டுக்கு வந்தவன், ‘அத்திரிபாச்சா செஞ்சு போடு’ என்கிறான். மனைவி திருதிருவென்று விழிக்கிறாள். அடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, ‘அடப்பாவி, கன்னத்தைக் கொழுக்கட்டை மாதிரி வீங்க வெச்சிட்டியே!’ என்கிறாள். ‘அதேதான், அதேதான்!’ என்று அவன் துள்ளுகிறான். எல்லோரும் கதையை அங்கே முடிப்பார்கள். அவ்வா முடிக்க மாட்டாள். சிரிப்பு அடங்கும்வரை இருந்து, தட்டும் இரும்பைக் கீழே வைத்துவிட்டுத் தெலுங்கில் கேட்பாள்: ‘அது சரி, அந்தப் பொண்ணு கன்னத்துக்கு யாருடி பத்து போட்டாங்க?’

பெண்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கதை நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் கெடுக்கிறாள் என்று எனக்குக் கோபமாக வரும்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் பரமார்த்த குரு வந்தார், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற சீடர்களோடு. இத்தாலியில் பிறந்து தமிழில் வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய கதை. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று மாலை அவ்வாவிடம் சொன்னபோது, ‘நம்ம தெலுங்குக் கதையில வர்ற பரமானந்தய்யா சிஷ்யர்கள் மாதிரி இருக்காங்களே’ என்றாள். ஆற்றைக் கடந்ததும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிற கட்டத்தை மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் காட்டுகிறான் அல்லவா, அங்கே மனசாரச் சிரித்தாள். இங்கே அடி மடையன் முதுகிலேயே விழுகிறது. அவளுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்காக முதல்நாள் இரவே ஆடுகளோடு வந்துவிடுகிற கர்நாடகத்து வியாபாரி ஒருவர் எங்கள் திண்ணையில் படுப்பார். களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு அவர் கன்னடத்தில் ஒரு கதை சொல்வார். முட்டாள் ராஜாவின் ஊரில் திருடப் போனவன் சுவர் இடிந்து மேலே விழுந்ததில் செத்துவிடுகிறான். குற்றம் வீட்டுக்காரன்மேல், அவன் கொத்தனாரைக் காட்ட, கொத்தனார் தெருவில் நடந்து தன் கவனத்தைக் கெடுத்த நாட்டியக்காரியைக் காட்ட, அவள் தன்னை அலையவைத்த தட்டானைக் காட்டுகிறாள். கடைசியில் கழுமரத்துக்குப் பொருத்தமான தடித்த ஆள் வேண்டும் என்று, ஒரு குருவோடு அந்த ஊருக்கு வந்த, சம்பந்தமே இல்லாத சீடனைப் பிடிக்கிறார்கள். ஏ.கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இந்தக் கன்னடக் கதையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் திண்ணையின் ஆட்டு வாடையே அடித்தது. அவ்வா அந்தக் கதைக்கு ஒரு இடத்திலும் சிரித்ததில்லை. குரு தந்திரம் செய்து ராஜாவையே கழுவேற வைக்கும்போது மட்டும் ‘ஆங்’ என்பாள்.

அவள் எழுத்து அறியாதவள். ஆனால் மடையர் கதைகளை அவள் தரம் பிரித்த விதத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் என்று அவள் பார்க்கவே மாட்டாள். அந்த முட்டாள்தனத்துக்கு வலி யாருக்கு என்று பார்ப்பாள். தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்பவன் அவளுக்குச் செல்லப்பிள்ளை. கை ஓங்கும் முட்டாளையும், நாற்காலியில் உட்கார்ந்த முட்டாளையும் அவள் மன்னித்ததே இல்லை. நாட்டுப்புறக் கதைகளின் முட்டாள்களை ஆராய்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்று வாசலில் புளி தட்டுவதும் குறைந்துவிட்டது. அந்தப் பெண்களின் பேத்திகள் ஓசூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். கொழுக்கட்டைக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது மனைவியை அடிக்கிற இடத்தை எடுத்துவிட்டு, அவள் தானாகவே கீழே விழுந்து கன்னம் வீங்கியதாகச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். அடி விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும். சிரித்து முடித்த பிள்ளைகளிடம், அந்தப் பெண்ணின் கன்னத்துக்கு யார் பத்து போட்டது என்று மறக்காமல் கேளுங்கள்.