குணமும் குணமாதலும்

நம் மொழியில் 'குணம்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒருவருடைய இயல்பையும் குணம் என்கிறோம். நோய் நீங்குவதையும் குணம் என்கிறோம். 'அவள் குணம் அப்படி' என்று குறை பேசுகின்ற அதே நாவே, 'அல்லாஹ் அவளுக்குக் குணத்தைக் கொடுப்பானாக' என்று துஆவும் செய்கிறது. இவ்விரு பொருளிலும் குடும்பத்தாரை ஏமாற்றிவிடுகிற நோய் ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது நோயாகவே தோன்றாது. நோயாளியின் கெட்ட குணமாகத் தோன்றும். மருந்து உண்ணத் தொடங்கிய சில மாதங்களில் முற்றும் குணமாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது அடங்கியிருக்குமேயன்றி அகன்றிராது. தைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரக்கும் நோயைத்தான் இங்கே குறிப்பிடுகிறோம்.

எம் இளைய சகோதரிக்கு இந்நோய் கண்டது 2016ஆம் ஆண்டில். மணமாகிப் புகுந்த வீட்டில் இருந்தாள். இரண்டு வயதில் ஒரு குழந்தை. சாந்தமே உருவானவள் என்று பெயரெடுத்த பெண், சிறு சொல்லுக்கும் சீறத் தொடங்கினாள். இரு மடங்கு உண்டாள். ஆயினும் உடல் நாளுக்கு நாள் இளைத்தது. மார்கழிக் குளிரிலும் வியர்த்தது. தேநீர்க் கோப்பையை நீட்டினால் தட்டில் அது கிணுகிணுத்தது. இரவில் உறக்கமில்லை. 'மருமகளுக்கு வாய் நீண்டுவிட்டது' என்றார் மாமியார். 'பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது' என்றார் எம் உம்மா. லெப்பை அவர்களிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள். ஓதிப் பார்த்ததை நாம் குறை சொல்லவில்லை; ஷிபாவைத் தருபவன் அவனே. ஆனால், நோய்க்கு மருந்தையும் அவனே இறக்கியிருக்கிறான் என்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஓதிய தண்ணீரோடு நின்றுவிடுவது பாதி வழியில் நிற்பதாகும்.

குடும்ப மருத்துவரான ஓர் அம்மையார்தாம் நோயை முதலில் இனங்கண்டார். இரு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் அரச இலையைப் போல் நடுங்கியது. நாடி நிமிடத்துக்கு நூற்றிருபதைத் தாண்டியிருந்தது. இரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு நீர்கள் மிகுந்தும், அச்சுரப்பியை ஏவுகின்ற டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்தும் இருந்தன. 'இது இந்தப் பெண்ணின் குணமன்று, இவளுடைய கழுத்துச் சுரப்பியின் குணம்' என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை, அவ்வீட்டில் ஓராண்டாக நிகழ்ந்த பூசலுக்கு முடிவு கட்டியது.

கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சியைப் போல் விரிந்து கிடக்கும் சுரப்பி இது. உடலாகிய அடுப்புக்கு எரியின் அளவை வகுத்துக் கொடுப்பது இதன் பணி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தவறாக இச்சுரப்பியைத் தூண்டிக்கொண்டிருக்குமாயின், எரி ஓயாது எழுகிறது. இதயம் படபடக்கிறது, சிலருக்குக் கண்கள் பிதுங்குகின்றன. டப்ளின் நகரத்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இதனை விவரித்தமையால் கிரேவ்ஸ் நோய் என்று பெயராயிற்று. ஆனால் அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, குவாரசம் நாட்டு மருத்துவர் இஸ்மாயில் அல்ஜுர்ஜானி, பாரசீக மொழியில் தாம் எழுதிய பெரும் மருத்துவ நூலில், கழுத்துக் கழலையும் கண் பிதுங்குதலும் சேர்ந்து வருவதைக் குறித்துவைத்தார். முஸ்லிம்கள் பெருமை கொள்ளலாம். ஆனால் முன்னோர் கண்டறிந்ததை நாம் நம் வீட்டில் கண்டறியத் தவறினால் அப்பெருமையால் பயனென்ன?

இந்நோய் பெண்களையே ஆண்களினும் பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. சிகிச்சைக்கு வழிகள் மூன்று: மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை.

முதல் வழி மாத்திரை. 1943இல் அமெரிக்க மருத்துவர் எட்வின் ஆஸ்ட்வுட், சுரப்பியின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அவ்வழியில் வந்ததே இன்று நம் நாட்டில் பெரிதும் வழங்கும் கார்பிமசோல். இதனை விழுங்கியவுடனே பயன் தெரியாது. களஞ்சியத்தில் நெல் இருக்கும்வரை, உழவை நிறுத்தினாலும் உலை கொதிப்பது நிற்காதல்லவா? மாத்திரை புதிய உற்பத்தியைத்தான் தடுக்கும். சுரப்பியில் முன்னரே சேர்ந்திருப்பது தீரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் தணிக்கப் புரோப்ரனோலால் போன்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பர். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஆகவே அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கார்பிமசோல் உண்போர் வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆயிரத்தில் ஒரு சிலருக்கு இம்மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களைத் திடீரெனக் குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் இது நேரும். காய்ச்சலோ, தொண்டைவலியோ, வாய்ப்புண்ணோ கண்டால், 'சளிதானே' என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனை சென்று இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண் மஞ்சளித்தாலும் அவ்வாறே. இதைக் கேட்டு அஞ்சி மருந்தையே வெறுப்பது அறிவுடைமையன்று; அறிந்து விழித்திருப்பதே அறிவுடைமை.

இனி எம் சகோதரிக்கு நிகழ்ந்ததைச் சொல்லுவோம். புகுந்த வீட்டில் கணவரும் மாமியாரும் நோயை அறிந்திருந்தனர்; ஆயினும் உறவினர் காதுக்கு எட்டலாகாது என்பது ஏற்பாடு. 'நாளைக்கு இவள் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, குடும்பத்தில் நோய் என்பார்களே!' என்ற அச்சம். ஆகவே மாத்திரை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. விருந்தினர் தங்கிய நாட்களில் அதனை எடுக்க வாய்ப்பில்லை. ஐந்தாம் மாதம் முகம் தெளிந்தது, உடல் தேறியது, பேச்சில் பழைய இனிமை வந்தது. 'குணமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?' என்றனர் பெரியவர்கள். நிறுத்திவிட்டாள். இரண்டே மாதங்களில் நடுக்கம் திரும்பியது. நோய் முன்னினும் கடுமையாக வந்தது.

இரண்டாவது 'குணம்' ஏமாற்றுவது இவ்விடத்தில்தான். தெம்பு வந்தது மருந்து வேலை செய்வதன் அடையாளம்; வேலை முடிந்ததன் அடையாளமன்று. பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை விடாது உண்ண வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் செய்வது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தாமாக வாங்குவதன்று. முழுக் காலமும் உண்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, நிறுத்தியபின் நோய் மீளக்கூடும். எம் சகோதரி இரண்டாம் முறை ஒழுங்காகவே பதினெட்டு மாதம் உண்டாள். மருத்துவர் நிறுத்தினார், ஓராண்டுக்குள் நோய் மீண்டது. அது அவள் குற்றமன்று, நோயின் தன்மை.

அப்போது எஞ்சிய இரு வழிகளைப் பற்றிய ஆலோசனை எழுந்தது. அறுவையின் வரலாறு நீண்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றார். கழலை பெரிதாயிருந்து மூச்சை அழுத்தினாலும், கண் நோய் கடுமையாயிருந்தாலும் அறுவை ஏற்றதாகலாம். குரல் நரம்புக்கும், அருகிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளுக்கும் ஊறு நேராதிருக்க, கைதேர்ந்தவரை நாட வேண்டும்.

கதிரியக்க அயோடினை 1941இல் பாஸ்டன் நகரில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலாக நோயாளிக்குக் கொடுத்தார். இதன் சூட்சுமம் எளியது. உடலில் அயோடினை ஆவலோடு ஈர்ப்பது தைராய்டு ஒன்றே. கதிர் வீசும் அயோடினைக் கொடுத்தால், அச்சுரப்பி தானே அதனை அள்ளி உண்டு, தன் மிகையைத் தானே அடக்கிக்கொள்கிறது. எட்டு நாட்களுக்கு ஒருமுறை அக்கதிரின் வலிமை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 'கதிர்வீச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் எம் உம்மா அழுதார்கள். புற்றுநோய்க்குச் செய்யும் பெருஞ்சிகிச்சை என்று எண்ணிவிட்டார்கள். ஒரே ஒரு முறை விழுங்கும் மருந்து அது என்று விளக்கிய பின்னரே தேறினார்கள்.

எம் சகோதரி அவ்வழியைத் தேர்ந்தாள். முதலில் கண்களை ஆராய்ந்தனர். கண் நோய் உள்ளவர்களுக்கு, அதிலும் புகைபிடிப்போருக்கு, இச்சிகிச்சையால் அது முற்றலாம். கருவுறவில்லை என்பதை உறுதி செய்தனர். கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுவோருக்கும் இது அறவே கூடாது. சிகிச்சைக்குப் பின்னும் ஆறு மாதங்கள் கருத்தரித்தலைத் தள்ளிப்போட வேண்டும். மருத்துவமனை வகுத்த நாட்கள்வரை தனித்துறங்கினாள். ஐந்து வயதாகிவிட்ட குழந்தை நானிம்மா வீட்டில் இருந்தது. மருந்து விழுங்கியதைவிட, பிள்ளையை மார்போடு அணைக்க முடியாத அந்நாட்களே அவளுக்குக் கசந்தன.

நான்காம் மாதம் கொதிப்பு அடங்கியது மட்டுமன்று, சுரப்பே குறைந்துவிட்டது. பெரும்பாலோருக்கு இவ்வாறே ஆகும். சுரப்பியை முழுதும் அறுத்தெடுத்தால் உறுதியாகவே ஆகும். அதற்குத் தைராக்சின் மாத்திரையை நாள்தோறும், வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். 'ஒரு மாத்திரையிலிருந்து இன்னொரு மாத்திரைக்குப் போவதற்கா இவ்வளவும்?' என்று உறவினர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. உடலில் இல்லாத ஒன்றை அளந்து கொடுப்பது எளிது. கட்டுக்கடங்காத ஒன்றை அடக்கிப் பிடிப்பது அரிது. இதுவே அதற்கு விடை. இதயத் துடிப்பு தாளம் தவறுவதும் எலும்பு தேய்வதும் அடங்காத மிகைச் சுரப்பின் விளைவுகள். அந்த அபாயம் நீங்கியதற்கு ஒரு சிறு மாத்திரை பெரிய விலையன்று.

நம் இல்லங்களுக்கென்றே இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, பிள்ளைப்பேறு. கார்பிமசோல் உண்ணும் பெண், கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் கருவுக்கு ஊறு நேரக்கூடும் என்பதால், அக்காலத்துக்குப் புரோப்பில்தயோயுராசில் என்னும் வேறொரு மருந்துக்கு மாற்றுவர். தாமாக மருந்தை நிறுத்தலாகாது; அடக்கப்படாத நோயும் கருவைச் சிதைக்கும். மற்றொன்று, ரமலான் நோன்பு. நோய் கட்டுக்குள் வந்தவர்களுக்குக் கார்பிமசோலை நாளுக்கொரு வேளையாக வகுத்து, நோன்பு திறந்தபின்னரோ ஸஹரிலோ உண்ண மருத்துவர் வழி செய்யக்கூடும். தைராக்சினை ஸஹர் உணவுக்கு அரைமணி முன்னரோ, இரவு உண்டு மூன்று மணி கழித்துப் படுக்கும்போதோ வெறும் வயிற்றில் கொள்ளலாம். நோய் கட்டுக்கடங்காத நிலையில் இருப்பவர்களோ, மருத்துவர் தடுத்தால் நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றலாம். நோயாளிக்கு அச்சலுகையைத் திருமறையே வழங்கியிருக்க, 'நோன்பை விட்டாளாமே' என்று பேச நாம் யார்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்தியதை நாமனைவரும் அறிவோம். மாத்திரையைப் புடவைக்கு அடியில் ஒளித்துவைக்கும் வீட்டில் ஒட்டகம் கட்டப்படவில்லை. நோய் குடும்பத்துக்கு இழுக்கன்று, மறைப்பதே இழுக்கு. மாத்திரை உணவு மேசைமீது, உப்புக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். 'உண்டாயா மகளே?' என்று மாமியார் கேட்கட்டும். பரிசோதனைக்குக் கணவர் உடன் செல்லட்டும். இளைத்து, வியர்த்து, நடுங்கிச் சினக்கின்ற பெண்ணைக் கண்டால், அவள் குணத்தைப் பேசுமுன் அவள் நாடியைத் தொட்டுப் பாருங்கள். அவளுக்குக் குணம் வேண்டிக் கேட்கும் துஆவுக்கு அதுவே தொடக்கமாகும். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.