டீசல் பில்டர் பக்கத்தில் ஒரு முள்

விசைப்படகு வைத்திருப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: டீசல் பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். பில்டர் அடைக்க அடைக்க பம்ப் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கும். அந்த இழுவையைத்தான் முள் காட்டுகிறது.

ஐடிலில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அப்போது டீசல் ஓட்டம் குறைவு, பாதி அடைத்த பில்டர்கூட நல்லபிள்ளையாகத் தெரியும். முழு வேகத்தில், லோடு ஏறியபின் பாருங்கள். புது பில்டர் போட்ட அன்று காட்டியதை எழுதி வையுங்கள். பெரும்பாலும் பாதரச அளவில் 1, 2 அங்குலம்தான் இருக்கும். 5, 6 அங்குலம் ஏறினாலே நான் மாற்றிவிடுவேன். கடல் கொந்தளித்தால் டேங்க் அடி வண்டல் கலங்கி முள் மளமளவென்று ஏறும், அப்போது காத்திருக்க நேரமிருக்காது.

புது பில்டர் போட்டும் இறங்கவில்லையா? டேங்க் பக்கம் தேடுங்கள்: உறிஞ்சு குழாய், வால்வு, மடங்கிய ஹோஸ். டேங்க் மூடியைத் திறந்ததும் முள் இறங்கினால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

இன்ஜின் திணறியும் முள் பூஜ்ஜியத்தை விட்டு நகரவில்லை என்றால், இன்ஜின் மேலிருக்கும் பில்டரையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். கண்ணுக்குச் சிக்காத கசிவு அது.