சிட்டையின் இலக்கம்

கற்பிட்டித் தீவகற்பம் மேற்கே பெருங்கடலையும் கிழக்கே புத்தளக் களப்பையும் கொண்டு வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது. அங்குள்ள வாடிகளிற் கருவாடு வாங்கிக் கொழும்பு புறக்கோட்டைக்கு அனுப்பும் வணிகர் ஒருவரின் மகன், பட்டம் பெற்றபின் மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டான். பங்கு வணிகக் கணக்கை இயக்கும் கருவியொன்றுக்கு விளக்கவுரை எழுதும் பணி அண்மையில் அவனிடம் வந்தது. அதனைப் படிக்கப்போவது மனிதர் அல்லர். செயற்கை நுண்ணறிவு முகவராகிய நிரல்.

2024 நவம்பரில் அந்த்ரொபிக் நிறுவனம் மொடல் கொன்ரெக்ஸ்ட் புரொட்டொகோல் என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டபின் இத்தகைய எழுத்து பெருகலாயிற்று. கருவியின் பெயரையும் அது செய்யும் தொழிலையும் அதற்குக் கொடுக்கவேண்டியவற்றையும் சொற்களால் எழுதிவைத்தால், முகவர் நிரல் படித்து, எதனை எப்போது அழைப்பதெனத் தானே தீர்மானிக்கும். கையேட்டில் விடுபட்டதை மனிதன் தன் அனுபவத்தால் நிரப்புவான். இயலாவிடின் அடுத்த மேசையிலிருப்பவரைக் கேட்பான். நிரலுக்கு அவ்வாய்ப்பு அரிது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை பற்றிய இடவிளக்க நூல், ஓரூரை ஒருபோதும் காணாதவருக்கும் அதனை அறிவிக்கும் நோக்கினது. இவ்விளைஞன் எதிர்கொண்ட பணியும் அத்தன்மையதே.

முதல் வரைவை அவன் ஒரே நாளில் முடித்தான். “இக்கருவி வாங்கும் கட்டளையை இடும்; கட்டளை ஏற்கப்பட்டால் அதற்குரிய எண்ணைத் தரும்” என்பது அதில் ஒரு வரி. பரிசோதனைக் கணக்கில் ஆயிரம் பங்குகளை வாங்குமாறு நிரலைப் பணித்தான். கட்டளை சென்று சேர்ந்தது. ஆனால், இணைப்பு அறுந்தமையால் மறுமொழி திரும்பவில்லை. எண் கிடைக்காமையால் முயற்சி தோற்றதெனக் கொண்ட நிரல் மீண்டும் கட்டளையிட்டது. கணக்கில் இரண்டாயிரம் பங்குகள் சேர்ந்தன. நிரல் அவன் எழுதியதற்கு மாறாக எதுவும் செய்யவில்லை. மறுமொழி வராவிடின் யாது செய்வதென அவன்தான் எழுதவில்லை. தங்கையின் திருமணத்துக்கெனத் தந்தை பங்குகளில் இட்டிருந்த சேமிப்பையும் இக்கருவியோடு இணைப்பதாக அவன் வாக்களித்திருந்தான். அதனை நினைந்தபோது அவன் நெஞ்சம் நடுங்கிற்று.

அன்றிரவு அவன் நினைவில் எழுந்தவர் தந்தையின் கடையிலிருந்த பழைய கணக்கப்பிள்ளை. சரக்கு ஏற்றும் ஒவ்வொரு சிட்டைக்கும் அவர் ஓர் இலக்கமிட்டு, அதனைப் பேரேட்டிலும் பதிவார். ஒருமுறை லொறி சென்று இருநாளாகியும் செய்தியில்லை. மறுலொறி அனுப்பத் துணிந்த தந்தையை அவர் தடுத்தார். “முதலாளி, புது இலக்கம் போட வேண்டாம். பழைய இலக்கத்தைச் சொல்லி விசாரிப்போம்” என்றார். சரக்கு ஏலவே புறக்கோட்டையில் இறங்கியிருந்தது.

இளைஞன் கருவியையே திருத்தினான். ஒவ்வொரு கட்டளைக்கும் அனுப்புவோரே ஓர் இலக்கமிட வேண்டும்; அதே இலக்கம் மீண்டும் வரின் கருவி புதிய கொள்வனவு செய்யாது. விளக்கவுரையில், “மறுமொழி வாராமை தோல்வியன்று, முதலில் அதே இலக்கத்தால் நிலையை வினவுக” என்றெழுதினான்.

அடுத்து ‘மீதி’ என்ற சொல் அவனை மறித்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் விற்ற பங்கின் பணம் தீர்வாக இரண்டு வேலை நாள்கள் செல்லும். இந்தியாவில் 2023 முதலும் அமெரிக்காவில் 2024 மே முதலும் ஒரு நாளே போதும். ஆதலின் ‘மீதி’ என்பதை நீக்கி, ‘தீர்ந்த பணம்’, ‘தீர்வுக்குக் காத்திருக்கும் பணம்’ என இரண்டாகப் பிரித்தான். ஒரே குறிக்கு இருபொருள் அமைவது சிறு குற்றமன்று. 2012 ஓகஸ்ட் 1ஆந் திகதி அமெரிக்காவின் நைட் கப்பிற்றல் நிறுவனம், கைவிடப்பட்ட பழைய நிரலொன்றின் குறியைப் புதிய தேவைக்குப் பயன்படுத்திற்று. எட்டுக் கணினிகளுள் ஒன்றில் பழைய நிரல் எஞ்சியிருந்தமையால், ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டமாயிற்று.

விடுமுறையில் ஊர் சென்றபோது அவன் இவற்றையெல்லாம் தந்தைக்கு எடுத்துரைத்தான். அவர் பொறுமையுடன் கேட்டபின், “நட்டம் வந்தா யாருடைய பேரில எழுதுவாய் மகன்?” என்றார். அவனிடம் விடையில்லை. கணக்கப்பிள்ளை பிழைவிட்டால் முன்னே நின்று பதில் சொல்ல ஒருவர் இருந்தார். நிரலோ பதில் சொல்லும், பொறுப்பேற்காது.

பெங்களூருவின் ஸெரோதா தரகு நிறுவனம் 2025இல் இத்தகைய இணைப்பைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, தான் நடத்திய சேவையிற் கணக்கைக் காணும் வசதியை மட்டும் வைத்துக் கட்டளையிடும் வசதியை விலக்கியிருந்தது. அவ்வழியே நல்வழியென அவனுக்கும் பட்டது. “உரிமையாளரின் ஒப்புதலின்றி வாங்காதே” என்று விளக்கவுரையில் எழுதுவது வேண்டுகோளேயன்றிப் பூட்டாகாது. ஆகவே தந்தையின் கணக்குக்கான அனுமதியிலிருந்தே கட்டளையிடும் உரிமையை நீக்கினான். நிரல் விலைகளையும் இருப்பையும் பார்த்துச் சொல்லும். வாங்குவதும் விற்பதும் அவர் கையாலேயே நிகழும்.

“வாப்பா, இனி இது கணக்குப் பார்க்கும், சிட்டை எழுதாது” என்றான் மகன். அவர் தலையசைத்து, அன்றைய கருவாட்டுச் சிட்டைக்கு இலக்கமிடத் தொடங்கினார்.