வடிவமைப்போர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் பிறிதொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தனக்கு ஈந்த வள்ளலின் இயல்பையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வழியே செல்லத் தூண்டுதல் ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் இப்பெயருக்கு உரியன. பண்டை வள்ளல்களோடு இந்நெறியும் ஒழிந்தது என்று கருதுவார் பலர். யாம் அங்ஙனம் கருதவில்லை. தொழில் தேடும் இளைஞர்க்கு, சிறப்பாகப் பொருள் வடிவமைப்புக் கற்று வெளிப்போந்தார்க்கு, இதனினும் சிறந்த நெறி பிறிதில்லை என்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

பொருள் வடிவமைப்பாவது யாது? செம்பின் கழுத்து எவ்வளவு குறுகியிருத்தல் வேண்டும், கைபேசித் திரையில் பொத்தான் எவ்விடத்தே அமைதல் வேண்டும் என்று, பயன்படுத்துவோருடைய கையும் கண்ணும் கருத்தும் அறிந்து ஒரு பொருளை ஆக்குங் கலையே அஃது. 1958-இல் அமெரிக்கராகிய சார்லஸ் ஈம்சும் அவர் மனைவியார் ரே ஈம்சும் நம் அரசினர்க்கு அளித்த அறிக்கையில், நம் வீட்டுச் செம்பினையே நல்ல வடிவமைப்பிற்கு எடுத்துக்காட்டாகப் போற்றினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இன்று நாடெங்கும் பலர் இக்கலையைக் கற்கின்றனர். ஆயினும், கற்று முடித்தவுடன் எவரிடம் செல்வது, எவ்வாறு கேட்பது என்பன பாடத்திட்டத்துள் அடங்குவதில்லை.

எம் பெரிய தந்தையாரின் மகனார் ஒருவர் மேச்சேரியில் வாழ்பவர். அவ்வூர், தன் பெயரையே தாங்கிய பழுப்புநிற ஆட்டினத்தாற் புகழ் பெற்றது. அவ்வாட்டின் தோலுக்கு மதிப்பு மிகுதி. ஆட்டு வாணிகரான பெரிய தந்தையார், வீட்டு நகைகளை அடகு வைத்து மகனாரை வடிவமைப்புப் படிக்கச் செய்தார். படிப்பு முடிந்து எட்டுத் திங்கள் சென்றும் வேலை கிட்டவில்லை. எண்பது விண்ணப்பங்கள் இணையவழி அனுப்பினார். பெரும்பாலானவற்றிற்கு மறுமொழியே இல்லை. ஒரு நிறுவனத்தார் தேர்வு என்று கூறி ஒரு வாரம் வேலை வாங்கிப் பின்னர் வாளாவிருந்துவிட்டனர். "என்னப்பா, படம் வரையறதுக்கா இவ்வளவு செலவு?" என்று தெருவிலுள்ளோர் வினவலாயினர். அடகுக்கடைத் தவணையும் நெருங்கிற்று. தந்தையாரோடு சந்தைக்கே சென்றுவிடலாம் என்று தமையனார் எண்ணினார். ஆட்டு வாணிகம் இழிவன்று. கற்ற கலை கையிலேயே துருவேறிவிடுமே என்பதே அவர் துயரம்.

அந்நிலையில் அவர்க்கு நண்பர் ஒருவரின் தமக்கையார் நினைவு வந்தது. அவ்வம்மையார் சென்னையில் ஆறாண்டுகளாக வடிவமைப்பாளராய் இருப்பவர். தமையனார் அவரை இருமுறையே கண்டவர். 'வேலை வாங்கித் தருக' என்று அவர் எழுதவில்லை. "அக்கா, என் பணிகளை இருபது நிமிடம் பார்த்துக் குறை கூறுவீர்களா?" என்றே எழுதினார். அவரும் இசைந்தார்.

தமையனாரின் பணித்தொகுப்பில் முதற்கண் இருந்தவை, எவரும் பயன்படுத்தாத கைபேசிச் செயலிகளின் அழகிய படங்கள். கடைசிப் பக்கத்தில், தாலந்தை நிலத்திற் புதைத்த ஊழியனைப்போல, ஒரு தீவனத் தொட்டியை அவர் மறைத்து வைத்திருந்தார். ஆடுகள் தொட்டிக்குள் காலிட்டுத் தழையை மிதித்து வீணாக்குதலைக் கண்டு, தலை மட்டும் நுழையுமாறு சட்டங்கள் பொருத்தி, நான்கு முறை மாற்றி அமைத்த தொட்டி அது. அம்மையார் அதனைக் கண்டு, "தம்பி, இதை ஏன் கடைசியில் ஒளித்து வைத்தாய்? இதுதானே வடிவமைப்பு! நான்கு முறை ஏன் மாற்றினாய் என்பதை முதலில் எழுது" என்றனர். பின்னர்த் தாம் அறிந்த இருவருக்கு அறிமுகக் கடிதமும் எழுதினர். அவருள் ஒருவர், உதவித்தொகையோடு ஆறு திங்கட் பயிற்சி அளித்தார். நகை இன்னும் மீளவில்லை. வட்டி தவறாது செல்கின்றது.

நெருங்கிய சுற்றத்தாரினும் இருமுறை கண்ட ஒருவர் உதவியது வியப்பன்று. மார்க் கிரானவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், அறிந்தார் வாயிலாக வேலை பெற்றோருள், அடிக்கடி சந்திப்பவரால் அதனைப் பெற்றோர் 100-க்கு 17 பேரளவினரே. ஏனையோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவரால் பெற்றனர். 2022-இல் வெளிவந்த, லிங்க்டுஇன் தளத்தினர் 2 கோடிக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வும், ஓரளவு தளர்ந்த தொடர்பே புதிய வேலைக்கு மிக உதவுவது என்று காட்டிற்று. காரணம் வெளிப்படை. உற்றார் அறிந்தது நாமும் அறிந்ததே. சேய்மையிலுள்ளாரோ நாம் காணாத உலகத்துச் செய்தியைக் கொணர்வர். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களும், 1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கில வணிகர் கைகொடுக்க, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதற் பேருந்தைத் தாமே ஓட்டலானார். அவரே பின்னாளில் சவரக் கருவி முதலிய பல பொருள்களை ஆக்கிப் புகழ்பெற்றவர்.

தமையனார்பால் யாம் அறிந்தவற்றைத் தொகுத்துரைப்போம். முதலாவது, மூன்று நான்கு பணிகளே போதும். ஆனால் யாருடைய இடர்ப்பாட்டைக் கண்டோம், எதனை முயன்று கைவிட்டோம், முடிவில் என்ன மாறிற்று என்பன ஒவ்வொன்றிலும் விளங்கவேண்டும். சந்தையில் ஆடு கொள்வோன் விற்போனுடைய புகழுரையைக் கேட்டுக் கொள்வதில்லை. பல்லைப் பார்த்து முதுகைத் தடவியே கொள்கின்றான். இரண்டாவது, பெருந்தலைவர்க்கு எழுதுவதினும், நமக்கு நாலைந்தாண்டு முன் சென்றார்க்கு எழுதுதல் நன்று. வழியின் மேடுபள்ளம் அவர்க்கு மறந்திராது. மூன்றாவது, கடிதம் சுருங்க இருத்தல் வேண்டும். அவர் செய்த பணியொன்றைப் பார்த்துவிட்டே எழுதவேண்டும். நான்காவது, அவர் கூறிய திருத்தத்தைச் செய்து, செய்தமையை மீண்டும் தெரிவிக்கவேண்டும். நன்றி சொல்லி மறைபவரைப் பலரும் மறந்துவிடுவர். ஐந்தாவது, வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை அறவே விலக்குக. கூலியின்றி நாட்கணக்கில் தேர்வுவேலை வாங்குவாரிடம், எவ்வளவு நேரம் என்று முன்னரே வரையறுத்துக் கொள்க.

இது சிபாரிசு தேடுவதாகாதோ என்று சிலர் ஐயுறலாம். சிபாரிசு என்பது தகுதியைக் காணாமலே கதவைத் திறக்கச் சொல்வது. ஆற்றுப்படையோ வழியை மட்டும் காட்டுவது. யாழைச் சுமப்பதும் மீட்டுவதும் செல்பவன் கடனே. வழிகேட்டல் இரத்தலாகாது. பாட்டினுள் வரும் பாணன், தான் பெற்றதை மறைத்து வீடு செல்லாமல், எதிர்வந்தவனை நிறுத்திப் பேசுகின்றான். தமையனாருக்கும் இப்போது மேச்சேரிப் பக்கத்து மாணவர் இருவர் எழுதுகின்றனர். ஞாயிறு மாலைகளில் அவர்தம் பணிகளைப் பார்த்துக் குறை கூறுகின்றார்.

நண்பர்காள்! கல்லூரியை விட்டு நீங்கும் நாள் நம் அனைவர்க்கும் அணித்தே உள்ளது. தமிழ் பயில்வோராயினும் கணக்குப் பயில்வோராயினும், வழி கேட்க நாணாதிருப்போமாக. முன்சென்ற பின், திரும்பி நின்று வழி சொல்லவும் மறவாதிருப்போமாக.