அலையில் நிற்க உடம்புக்குத் தெரிய வேண்டும்

காயல்பட்டினம் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் சர்ஃபிங் பலகையைப் பார்ப்பது அபூர்வம். வங்கக் கடலின் பெரிய அலைகளை இலங்கை மறித்துக்கொள்வதால் இங்கே கடல் பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே மணப்பாட்டுக்குப் போனால் கதை வேறு. அங்கே ஒரு மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை அதைச் சுற்றி வளைந்து ஒழுங்காக உடைகிறது. சர்ஃபிங் செய்பவர்கள் அதற்காகவே மணப்பாட்டைத் தேடி வருகிறார்கள்.

ஆனால் சர்ஃபிங்கில் பாதிப் பாடத்துக்கு அலையே தேவையில்லை. தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்துகொள்வதுதான் அந்தப் பாதி.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் சரியாகப் போய்விடும். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்தி தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. உள்காது சமநிலையைக் கவனிக்கிறது. நிலத்தில் இது தானாக நடப்பதால் யாரும் யோசிப்பதில்லை. கால்களுக்குக் கீழே பலகை நகரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

புதிதாகக் கற்பவர்கள் விழுவதற்குப் பெரும்பாலும் பலக்குறைவு காரணம் அல்ல. பலகையில் கொஞ்சம் முன்னால் படுத்தால் அதன் மூக்கு தண்ணீரில் குத்திக்கொள்ளும். கொஞ்சம் பின்னால் படுத்தால் வால் அமிழ்ந்து வேகம் போய்விடும். எழும்போது முதலில் முட்டி போட்டு, பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைப்பதற்குள் அலை கடந்துவிடும். எழுந்த பிறகு பாதத்தைக் குனிந்து பார்ப்பது இன்னொரு தவறு. தலை கனமானது, அது போகிற பக்கம் உடம்பும் சாயும்.

திருத்தங்களும் எளியவைதான். இரு கைகளையும் மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் இரு பாதங்களும் பலகையில் இறங்க வேண்டும். இடுப்பை வளைத்துக் கூனாமல் முழங்காலை மடக்க வேண்டும். போக வேண்டிய திசையைக் கண் பார்க்க வேண்டும். கண் திரும்பினால் தோள் திரும்பும், தோளைத் தொடர்ந்து இடுப்பு, பிறகு பலகை. மூச்சைப் பிடித்து வைத்தால் உடம்பு மரக்கட்டை ஆகிவிடும். துடுப்பு போடுவதுபோல் கைகளால் தண்ணீரைத் தள்ளும்போது நெஞ்சை உயர்த்தும் நிலை, யோகாவின் புஜங்காசனத்தை ஒத்தது. அது பழகியவர்களுக்கு முதுகு சீக்கிரம் சோராது.

இந்த அறிவு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரை மீனவர்கள் கட்டுமரத்தில் அலையைக் கடந்தே கடலுக்குப் போனார்கள். பக்கச் சுவர் இல்லாத, கயிற்றால் பிணைத்த மரங்கள் அவை. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எப்போது எடையை முன்னால் தள்ளுவது, எப்போது முழங்காலைத் தளர்த்துவது என்பதெல்லாம் சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிவிடும். ஆங்கிலத்துக்குச் சொல்லையே கொடுத்த அந்தக் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. உழைப்பு குறைந்தது நல்லதே. ஆனால் கட்டுமரம் போகும்போது அந்த உடம்பறிவும் கூடவே போகிறது.

அது முழுதாகப் போய்விடாமல் இருக்கும் இடங்களில் ஒன்று சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் தானாகவே சர்ஃபிங் கற்றுக்கொண்டவர். 2012-ல் அங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கி, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். அப்பா கடலில் பிழைத்த அதே திறமை பிள்ளைக்கு விளையாட்டாகவும் பயிற்றுநர் வேலையாகவும் மாறியது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டியே நடந்தது. அதில் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் இது எட்டாததல்ல. மணலில் பலகையின் வடிவத்தை வரைந்து, அதில் குப்புறப் படுத்து, ஒரே மூச்சில் எழுந்து நின்று பழகலாம். எந்தக் கால் முன்னால் வரும் என்று தெரியாவிட்டால், நண்பனைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லலாம். விழாமல் இருக்க எந்தக் கால் முதலில் நகர்கிறதோ, பெரும்பாலும் அதுதான் முன்கால். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பதும் நல்ல பயிற்சி. நீச்சல் மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு தெரிந்தவர் துணையோடு மணப்பாட்டுக்குப் போகலாம்.