அந்த வீட்டில் காய்ந்த இடம் ஒன்றுதான்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து இருந்து வாசியுங்கள்.

லீவு முடிந்துவிட்டது. கிறிஸ்மஸ் நட்சத்திரங்களைக் கழற்றியாயிற்று. பொங்கலும் முடிந்தது. லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கொழும்புக்கும் கண்டிக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். இனி நமக்கு மிச்சம் மழையும் குளிரும்தான். நுவரெலியாப் பக்கம் மே, ஜூனில் கொட்டும் மழை மலைகளைத் தாண்டி நமக்குப் பெரிதாக வராது. நம்முடைய மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் விடாது. உயரம் கூடக் கூட குளிரும் கூடும், 100 மீட்டருக்கு அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். பதுளை டவுன் 680 மீட்டர் அளவில். அப்புத்தளை 1400 மீட்டருக்கு மேல். நாம் ஸ்வெட்டர் போடும் நாளில் அங்கே என்ன நிலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த நாட்களில் போனைத் திறந்தால் ஒரே படங்கள்தான். குளிர்காலத்தில் வீட்டை எப்படி அழகாகவும் கதகதப்பாகவும் வைப்பது என்று. நெருப்பு எரியும் அடுப்பு, பஞ்சு மாதிரிக் கார்பெட், மஞ்சள் லைட், நாலு குஷன். பார்க்கவே ஆசையாக இருக்கும். எனக்கும் ஆசை வந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே தை மாதம், லீவில் வீடு நிறைய ஆட்கள் இருந்துவிட்டுப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. பதுளை பஸாருக்குப் போய் ஒரு கார்பெட்டும் குஷனும் சின்னச் சின்ன மஞ்சள் லைட் மாலையும் வாங்கி வந்தேன். மகளுடைய அறையை அழகாக்கினேன். போட்டோவும் எடுத்துப் போட்டேன். உங்களில் நிறையப் பேர் லைக் பண்ணினீர்கள், ஞாபகம் இருக்கலாம்.

பத்து நாள் போகவில்லை, மகளுக்கு முட்டு வந்துவிட்டது. இரவெல்லாம் இழுப்பு. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "அறையில புதுசா என்ன வச்சீங்க?" வீட்டுக்கு வந்து கார்பெட்டைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்க ஈரம், பூஞ்சணம். சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரிக்குப் பின்னாலும் அதே கறுப்பு. நான் குளிரை மறைக்கப் பார்த்திருக்கிறேன். ஈரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

அந்தக் கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மகள் பக்கத்தில் இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஒரு கொப்பியைத் திறந்ததும் குப்பென்று புகை மணம். தாளெல்லாம் மஞ்சள் பிடித்து, ஓரம் சுருண்டு இருந்தது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மகனுடைய கொப்பி. நித்திரை இல்லாத கோபம், மகளின் இழுப்பு, எல்லாம் சேர்ந்து அந்தக் கொப்பியின் மேல் போய்விட்டது. அடுத்த நாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன். "இதென்ன கொப்பியா, அடுப்பங்கரைத் துணியா? இனி இதைக் கொண்டு வரக்கூடாது. புதுக் கொப்பியில் எழுதிக்கொண்டு வா." பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை வாங்கி பேக்கில் போட்டுக்கொண்டான்.

மூன்று நாள் அவன் ஸ்கூலுக்கு வரவில்லை.

பத்தனையில் கல்வியியற் கல்லூரியில் இருந்தபோது, பிள்ளையின் வீட்டுச் சூழலை அறியாமல் பிள்ளையை மதிப்பிடாதே என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நான் அதற்குக் குறிப்பும் எழுதினேன், பரீட்சையில் விடையும் எழுதினேன். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு ஒரு நாளும் ஏறிப் போனதில்லை. நாலாம் நாள் ஸ்கூல் விட்டதும் அதே பக்கத்துப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனேன். மழைத் தூறல், தேயிலைக்குள்ளே வழுக்கும் படி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

லயத்தில் தொங்கல் காம்பரா. இஸ்தோப்பில் கொழுந்துப் படங்கும் கம்பளியும் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. அவனுடைய அம்மா வெளியே வந்து என்னைக் கண்டதும் பதறிவிட்டார். "உள்ள வாங்க டீச்சர், நனையுறீங்க."

10 அடிக்கு 12 அடி அறை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவர்தான். கீழிருந்து மேல் வரை பத்திரிகைத் தாளும் பழைய கலண்டர் படமும் மாப்பசை காய்ச்சி ஒட்டியிருந்தார்கள். படமெல்லாம் நேராக, அளவாக, யாரோ யோசித்து ஒட்டியது போல. பொங்கலுக்கு முன் புதிதாக ஒட்டினார்களாம். அது அழகுக்கு மட்டும் இல்லை. பலகைச் சந்தாலும் சுவர் வெடிப்பாலும் வரும் காற்றை அது நிறுத்துகிறது. மேலே தகரத்துக்குக் கீழே உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து சீலிங் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "ராவுல தகரம் வேர்க்கும் டீச்சர். மழ இல்லாட்டியும் சொட்டும்" என்றார். சரிதான். உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள், சமைக்கிறார்கள், அந்த நீராவி குளிர்ந்த தகரத்தில் பட்டு ஒடுங்கி நீராகச் சொட்டுகிறது. ஒடுக்கம் என்று கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன். படுக்கையில் சொட்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

மகன் அடுப்படிப் பக்கம் ஒரு பலகையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தான். முன்னால் புதுக் கொப்பி. பக்கத்தில் அந்தப் பழைய கொப்பி. மூன்று நாளும் அவன் அதைத்தான் செய்திருக்கிறான். பழைய கொப்பியில் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும், நான் போட்ட சரிகளையும்கூட விடாமல், புதுக் கொப்பியில் பார்த்து எழுதியிருக்கிறான். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

கொப்பிகளை எங்கே வைப்பீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கையை மேலே காட்டினார். அடுப்புக்கு நேர் மேலே, கவ்வாத்து மிலாறு காயப்போடும் பரண். விறகை ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு சொப்பிங் பேக்குக்குள் கொப்பிகள்.

"கட்டிலுக்கு அடியில வச்சோம், ஊறிப் போச்சு. பொட்டிக்குள்ள வச்சோம், பூத்துப் போச்சு. இந்த ஒரு எடந்தான் டீச்சர் இங்க காஞ்ச எடம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "இந்தப் புதுக் கொப்பியையும் ராவைக்கு மேலதான் வைக்கணும். பொகை வாசம் வந்தா கோவிச்சுக்காதீங்க."

இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ தந்தார். குடித்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்று. அதில் அவர்கள் உடுப்பை வைக்கவில்லை, அரிசியை வைக்கவில்லை. நான் அடுப்பங்கரைத் துணி என்று சொன்ன கொப்பியை வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் அவன் வந்தான். எல்லோருக்கும் முன்னால் ஏசியதால் எல்லோருக்கும் முன்னால்தான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தக் கிழமையே மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி வகுப்பின் பின்னால் வைத்தேன். விரும்பிய பிள்ளைகள் கொப்பிகளை அதில் வைத்துவிட்டுப் போகலாம். வீட்டு வேலைக்குரிய ஒரு கொப்பி மட்டும் போய் வந்தால் போதும். முதல் நாள் ஆறு பேர் வைத்தார்கள். ஒரு மாதத்தில் பெட்டி போதவில்லை.

அன்று வீட்டுக்கு வந்துதான் என் வீட்டைச் சரியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் லீவு முடிந்ததும் நான் செய்வது இவ்வளவுதான். உங்களுக்கும் உதவலாம்.

மழை அடிக்கும் பக்கத்துச் சுவரிலிருந்து கட்டிலை உள்சுவர்ப் பக்கம் மாற்றினேன். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன், பின்னால் காற்றுப் போகட்டும் என்று. கதவுக்குக் கீழே வரும் காற்றுக்கு உம்மாவின் பழைய சாரியில் நீளப் பை தைத்து மணல் நிரப்பிப் போட்டேன். மிச்சச் சாரிகள் இரண்டு மடிப்பாக யன்னல் திரை ஆயின. உம்மாவின் நிறங்கள் அவை. பஸாரில் வாங்கிய எந்தத் திரையும் அவ்வளவு வடிவாக இருந்ததில்லை. குளிர் என்று நாள் முழுக்க யன்னலைப் பூட்டி வைப்பதை விட்டேன். பகலில் கொஞ்சம் வெயில் தெரிந்தாலும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விடுவேன். மஞ்சள் லைட் மாலை இன்னும் இருக்கிறது, மகள் படிக்கும் மேசைக்கு மேலே. முட்டு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிருக்காகக் கரி நெருப்புச் சட்டியைப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும்.

இந்த வருடம் இதையெல்லாம் எழுதவே மனம் கூசியது. நவம்பர் கடைசியில் டித்வா வந்து போனதிலிருந்து நம் மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு அலங்கரிக்க வீடே இல்லை. சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை மறக்காத ஊர் நாம். அதனால் சுவரை மூடும்போது ஒரு கவனம் வேண்டும். புது வெடிப்பு ஒன்று தெரிந்தால் அதன் மேல் தாளை ஒட்டி மறைக்காதீர்கள். அதற்குக் குறுக்கே ஒரு சின்னத் தாள் துண்டை இறுக்கி ஒட்டித் திகதியை எழுதி வையுங்கள். தாள் கிழிந்தால் வெடிப்பு வளர்கிறது என்று அர்த்தம். கதவு திடீரென இறுகினாலும், ஊற்று நீர் கலங்கி வந்தாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மழை கூடினால் தாள் கிழியும்வரை காத்திருக்க வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

அந்த மகன் இப்போது எட்டாம் வகுப்பு. போன கிழமை பசறை பஸ்ஸில் கண்டேன். "டீச்சர்" என்று எழுந்து இடம் தந்தான். பேக்கை மடியில் வாங்கிக்கொண்டேன். அதே புகை மணம். அவர்கள் லயம் இன்னும் அதே லயம்தான்.

உங்கள் வீட்டில் மூடியோடு சும்மா கிடக்கும் பிளாஸ்டிக் வாளி, பெட்டி, தடித்த பொலித்தீன் உறை ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பக்கத்து ஸ்கூலில் கொண்டுபோய்க் கேளுங்கள், எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று. என்னிடம் தந்தாலும் சேர்ப்பித்துவிடுவேன். இந்த மழை இன்னும் கொஞ்ச நாளைக்கு நிற்காது.